காண்பானும் காணப்படும் உயிரும்

ஓர் உயிரை வாளா நோக்கி நிற்பவன் அவ்வுயிர்க்கு யாதேனும் செய்தவன் ஆவனோ என்பது ஆராயத்தக்க வினா. கொல்லாமையைப் பற்றி நம்மவர் மிகப் பேசியுள்ளனர்; காண்டலைப் பற்றி அத்துணைப் பேசியிலர். கண்ணால் காண்பதில் யாது தீங்கு என்றே பெரும்பாலோர் கருதுவர். அமெரிக்க நாட்டிலே பனிக்காலந்தோறும் நிகழும் ஒன்றைக் கொண்டு இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வயோமிங் முதலிய மூன்று மாநிலங்களில் பரந்துள்ள எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 1872-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பனிக்காலத்தில் அதன் பாதைகளுட் பல மூடப்படும். வடபாலுள்ள கார்டினர் என்னும் ஊரிலிருந்து குக் நகரம் வரை செல்லும் பாதையொன்றே சாதாரண வண்டிகளுக்கு ஆண்டு முழுவதும் திறந்திருப்பது. அது லமார் பள்ளத்தாக்கின் வழியே செல்கின்றது. எல்க் என்னும் பெரிய மான்கள் பனி குறைந்த தாழ்நிலங்களை நாடி இறங்க, அவற்றைத் தொடர்ந்து ஓநாய்களும் வரும். அவற்றுள் ஏறத்தாழப் பாதி கருநிறத்தன. வெண்பனியின்மேல் நெடுந்தொலைவிலும் புலனாவன. விடியுமுன்னரே வழிகாட்டிகள் மக்களை அழைத்துச் சென்று, பாதையோரத்தில் தொலைநோக்கிகளை நிறுத்துவர். நீர் உறையும் குளிரில் மணிக்கணக்காய் நின்று, ஒரு மைலுக்கு அப்பால் அசையும் சில புள்ளிகளைக் கண்டு உள்ளம் நெகிழ்வாரும் உளர்.

ஓநாய் மானை வீழ்த்துவதைக் காணவே பலர் விழைகின்றனரே, இது தகுமோ எனின், ஓநாய்க்கு அது பசி, அதன்மேற் பழியில்லை. காண்பானோ காலையுணவு உண்டு வந்தவன். இன்று வேட்டை நிகழாதா என்று அவன் உள்ளம் அவாவுமாயின் அவ்வவா அவனுடையதே. ஆயினும் அதனால் ஒரு மான் கூடுதலாக மடிவதில்லை. அக்குற்றம் அவனளவில் நின்றுவிடும். ஆதலின் அதனை இவ்வளவில் விடுவாம்.

இதனினும் பெரிது மற்றொன்று. அப்பூங்காவின் ஓநாய்க் கூட்டங்கள் 1926-ஆம் ஆண்டளவில் அழித்தொழிக்கப்பட்டன. அழித்தவருள் பூங்காவைக் காக்க அமர்த்தப்பட்டவர்களே இருந்தனர் என்பது வியப்பு. பின்னர் 1995, 1996-ஆம் ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் கொணர்ந்து விடப்பட்டன. அவை பெருகின. ஆனால் பூங்காவின் எல்லையை ஓநாய் அறியாது. எல்லைக்கு வெளியே அதனை வேட்டையாடச் சட்டம் இடந்தருகின்றது. 832 என்னும் எண்ணால் குறிக்கப்பெற்று, பாதையோரத்தில் நின்ற எண்ணிறந்தோர் கண்டு போற்றிய பெண் ஓநாய் 2012-ஆம் ஆண்டு டிசம்பரில் எல்லைக்கு வெளியே சுடப்பட்டது. 2021-22 வேட்டைப் பருவத்தில் பூங்காவின் ஓநாய்கள் 25 கொல்லப்பட்டன; அவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

ஒவ்வொரு சாவுக்கும் காண்பாரே காரணர் என்று நாம் கூறவில்லை. ஆயினும் மனிதரால் தீங்கு நேராதென நாள்தோறும் கண்டு பழகிய விலங்கு, துப்பாக்கியேந்தியவனையும் அவ்வாறே நோக்கி நின்றுவிடுதல் கூடும். அச்சம் அதற்கு அரண். அன்போடு நோக்கிய கண்களே அவ்வரணைத் தேய்த்தன என்றால், காண்டல் செயலன்று என்பது எங்ஙனம் பொருந்தும்?

அற்றேல், காணாதிருத்தலே அறமாமோ எனின், அன்று. ஆல்டோ லியோபோல்டு என்பார் இளமையில் ஓநாய்களைச் சுட்டவர். அடிபட்டு இறக்கும் ஒரு தாய் ஓநாயின் கண்களில் ஒளி அவியக் கண்டு கருத்து மாறியதை, 1949-இல் வெளிவந்த நூலில் எழுதினார். அக்காட்சி அவரைத் திருத்தியது மெய்யே; அத்தாய்க்கோ உயிர் மீளவில்லை.

பூங்காவின் விதிகள் இவ்விடத்து நோக்கத்தக்கன. ஓநாயை 100 கெஜத்திற்குள் அணுகலாகாது, உணவிடலாகாது, அதனைப்போல் ஊளையிட்டு அழைத்தலும் ஆகாது. இம்மூன்றாவதை முதலிற் கேட்டபோது நாம் நகைத்தோம். பின்னர் அதுவே நுட்பமுடையதெனக் கண்டோம். அழைப்பவன், தன் வாழ்வில் நிற்கும் உயிரைத் தன் விருப்பிற்கு விடை சொல்ல இழுக்கின்றான்.

ஓநாய் தானே நெருங்கி வருமாயினும் விலகவேண்டியவன் மனிதனே. நெடுந்தொலைவு பயணஞ் செய்து, பொருள் செலவிட்டு, குளிரில் காத்து நின்றவனிடம் அந்நொடியில் வழிகாட்டி, "வண்டியில் ஏறுங்கள், புறப்படுவோம்" என்பான். அவன் ஏறிக் கதவை அடைத்த பின்னர், ஓநாய் பாதையைக் கடந்து செல்லும்.