எண் அறிவதும் உடல் அறிவதும்

குளுக்கோஸ் சென்சாரை வீட்டில் இரவும் பகலும் அணிந்திருக்கும் நீரிழிவு நோயாளிக்கு, தன் உடலைப் பற்றிய செய்தி இரண்டு வழிகளில் வருகிறது: ஒன்று கைப்பேசித் திரையில் தெரியும் எண், மற்றொன்று உடலே உணர்த்துவது. இவை முரண்படும்போது எதை நம்புவது?

மேற்கையின் பின்புறம் ஒட்டிய வில்லையிலிருந்து மெல்லிய இழை தோலுக்கடியில் இறங்குகிறது. அது அளப்பது இரத்தத்தை அல்ல, திசுக்களுக்கிடையே உள்ள நீர்மத்தை. சாப்பிட்ட பின் சர்க்கரை வேகமாக ஏறினால், எண் சில நிமிடம் பின்தங்கியே வரும். அந்தக் கையை அழுத்திப் படுத்தால், இறங்காத சர்க்கரை இறங்கிவிட்டதாக நள்ளிரவில் எச்சரிக்கை ஒலிக்கும். நடுக்கமோ வியர்வையோ இல்லாமல் எழுந்து உட்காருபவர், எண்ணை நம்பிச் சர்க்கரை தின்பதா, மறுபடி படுப்பதா என்று தடுமாறுகிறார்.

உடலை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். முதல் வகை நீரிழிவோடு பல ஆண்டு வாழ்ந்த சிலருக்கு எச்சரிக்கும் படபடப்பே மங்கிவிடுகிறது, சர்க்கரை டெசிலிட்டருக்கு 54 மி.கி.க்குக் கீழே போனாலும் நன்றாக இருப்பதாகவே தோன்றும். நெடுநாள் 300இல் இருந்தவருக்கோ 120க்கு இறங்கியதும் தாழ்சர்க்கரையின் அறிகுறிகள் வரலாம்.

இந்தச் சிக்கலைப் பிரித்துப் பார்க்க, அருள்நந்தி சிவாச்சாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் உள்ள அளவை இயல் உதவுகிறது. அறிவு பெறும் வழிகளாக அது காண்டல் (நேரே அறிதல்), கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்க சொல்) மூன்றையும் கொள்கிறது. தன் இன்ப துன்பங்களை உயிர் நேரே அறிவதைத் தன்வேதனைக் காட்சி என்று காண்டலின் ஒரு வகையாகவே வைக்கிறது. இப்படிப் பார்த்தால், நீர்மத்தைக் கொண்டு இரத்தத்தின் நிலையைச் சொல்லும் எண் கருதலே. ‘நன்றாக இருக்கிறது, ஆகவே சர்க்கரையும் சரியாக இருக்கும்’ என்று நோயாளி முடிவு கட்டுவதும் கருதல்தான். பெரும்பாலும் கருவியுடையதைவிடப் பலவீனமான கருதல். இரண்டும் ஒவ்வாதபோது விரல் நுனியில் குத்திப் பார்க்கச் சொல்வது அதனால்தான். ஆனால் அசதியும் அச்சமும் நிம்மதியும் கருதப்படுபவை அல்ல. அவற்றை அணிந்தவர் மட்டுமே காண்கிறார்.

பிரெஞ்சுத் தத்துவவாதி ஜார்ஜ் கங்கியம் 1943இல் அளித்த ஆய்வேடும் இதற்கு அருகில் நிற்கிறது: சராசரியிலிருந்து விலகுவதாலேயே ஒன்று நோயாகிவிடாது, மனிதர்கள் தாம் நோயுற்றதாக உணர்வதால்தான் மருத்துவமே தோன்றியது.

மருத்துவமனையில் எண்ணுக்கும் உணர்வுக்கும் இடையிலான இந்த வேறுபாடு எளிதில் மறைந்துபோகிறது. 14 நாள் வரைபடத்தில் 70க்கும் 180க்கும் இடைப்பட்ட நேரம் 70 சதவீதத்தைத் தாண்டினால், பெரும்பாலான வயதுவந்தோருக்கு அது நல்ல கட்டுப்பாடு. அந்தச் சதவீதத்தை எட்ட எத்தனை இரவு உறக்கம் கலைந்தது, ஒவ்வொரு கவளத்துக்கும் முன் எவ்வளவு பயம் இருந்தது என்பதற்கு வரைபடத்தில் இடமில்லை. மருத்துவர் அதை நோயாளியிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.