கரையேறியவர் யாருக்கு நன்றி சொல்வது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் கொட்டியது 48 செ.மீ. மழை. அது வடியும் முன்பே, டிசம்பர் 2 அன்று, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரை மீறி பாகூர் கொம்யூனுக்குள் புகுந்தது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி பெருக்கெடுத்தது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த பாகூர் வயல்களில் சம்பாப் பயிர் மூழ்கிக் கிடந்தது.

இப்படிப்பட்ட நாட்களில் தவறாமல் காதில் விழும் ஒரு பேச்சு உண்டு: “உசுராவது மிஞ்சிச்சே, அதுக்கு சாமிக்கு நன்றி சொல்லு.”

ஊறிப்போன நெல்லைத் தெருவில் கொட்டி, முளை விட்டதையும் விடாததையும் கையால் அளைந்து பார்த்தபடி ஒரு பெண் இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால், அதில் குறை காண யாருக்கும் வாயில்லை. மறுநாள் எழுந்து அடுப்பு மூட்ட அவளுக்கு அது வேண்டியிருக்கிறது. அதையே, கால் நனையாமல் வண்டியில் வந்து இறங்கியவர் சொல்லும்போது கதை வேறு. போனதைப் பற்றிப் பேசாதே என்பதுதான் அப்போது அதன் பொருள்.

திருக்குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். பத்துக் குறளும் உதவி பெற்றவனைப் பார்த்தே பேசுகின்றன. கொடுத்தவன் நன்றியைக் கேட்டு வாங்கலாம் என்று அவற்றில் எங்கும் இல்லை. நிவாரணப் பையைக் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கேமராவைப் பார்த்து நிற்கும் படங்களைக் காணும்போது இது நினைவுக்கு வருகிறது.

அந்தப் புயலுக்குப் பின் புதுச்சேரி அரசு ரேஷன் அட்டைக்கு 5,000 ரூபாயும், பாழான பயிருக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாயும் அறிவித்தது. அது ஊர்ப்பணம், வர வேண்டியது வந்தது, அவ்வளவுதான். அதற்காக யாரையும் கும்பிட வேண்டியதில்லை. ஆனால் இடுப்பளவு தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டு வந்து கிழவியைத் தூக்கிச் சென்றவரை, ‘சம்பளத்துக்குத்தானே வந்தார்’ என்று தட்டிக்கழிப்பது சிறுமை. உரிமையைக் கேட்கும் குரலும் நன்றி சொல்லும் குரலும் ஒரே வாயிலிருந்து வரலாம். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் குழப்பத்தை உண்டாக்குகிறார்கள்.

அக்கம்பக்கத்தார் செய்த உதவியில்தான் கணக்கு உண்மையிலேயே சிக்கலாகிறது. வெள்ளம் ஏறும் இரவில் மெத்தை வீட்டுக்காரர் கதவைத் திறக்கிறார். கூரை வீட்டுக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு மாடியில் படுக்கிறார்கள், ஒரே பானைக் கஞ்சியைக் குடிக்கிறார்கள். யார் எந்தத் தெரு என்று அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. அது பெரிய உதவி, மறக்கக் கூடாதது. ஆறு மாதம் கழித்து நடவுக் கூலியை உயர்த்திக் கேட்கும்போது, “அன்னிக்கு எங்க வீட்ல தானே படுத்தீங்க?” என்ற கேள்வி வந்தால்? கேட்டவர் அந்த ஒரு வாக்கியத்தால் தான் செய்த உதவியைக் கடனாக மாற்றிவிடுகிறார். கடனென்றால் தீர்த்துவிடலாம்; இது தீராது, வட்டி மட்டும் ஏறும். வாங்கியவர் அப்போது என்ன செய்வது? அன்றைய கஞ்சியை நெஞ்சில் வைத்துக்கொண்டே இன்றைய கூலியைக் குறையாமல் கேட்கலாம். அது நன்றிகெட்டதனம் ஆகாது. கேட்பதற்கு நாக்கு எழாது என்பது வேறு விஷயம். அந்தத் தயக்கத்தைத் தெரிந்துகொண்டே பேரம் பேசுகிறவர் மேல்தான் பழி.

வெள்ளம் போய் ஆறு வாரத்தில் பொங்கல் வந்தது. சொந்த நெல் அழுகிய வீட்டில் கடை அரிசியில்தான் பானை பொங்கியாக வேண்டும். விளைந்த ஆண்டில் சூரியனுக்குப் படைப்பது எளிது. விளையாத ஆண்டிலும் படைப்பதை மூடப் பழக்கம் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் மறுநாள் கொம்புக்கு வண்ணம் பூசுகிறோமே, அந்த மாடு பயிரை மூழ்கடிக்கவில்லை. வைக்கோல் போய் அதுவும் அரைப்பட்டினி. அதற்குச் செலுத்தும் நன்றியில் பொய் இல்லை. இழப்பை இல்லையென்று சொல்லாத நன்றி இது. சாமிக்கு நன்றி சொல்லச் சொன்னவரின் உபதேசத்தில் இல்லாதது இதுதான்.

தென்பெண்ணை நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலுக்கு ஓர் ஊர்க்கதை உண்டு: பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிகள், சகோதரிகள், தங்கள் சொத்தைச் செலவழித்து வெட்டுவித்தார்களாம். கதையில் எவ்வளவு உண்மையோ, வாய்க்கால் உண்மை. செத்துப்போனவர்களுக்கு நன்றியை எப்படிச் செலுத்துவது? 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியபோது விவசாயிகள் ஏரிச் சங்கங்களில் சேர்ந்து கரையையும் மதகையும் பார்த்துக்கொண்டார்கள். அது ஒரு வழி. மழைக்காலத்துக்கு முன் வாய்க்காலில் கோரை மண்டிக் கிடந்தால் பொதுப்பணித் துறை அலுவலகத்தில் போய் நின்று, எப்போது தூர் வாருவீர்கள் என்று கேட்பது இன்னொரு வழி. ‘போன வருஷம்தானே ஐயாயிரம் வாங்கினீங்க’ என்று அங்கே யாராவது சொன்னால், அந்த ஐயாயிரத்துக்கும் இந்தக் கோரைக்கும் என்ன சம்பந்தம் என்று திருப்பிக் கேட்டுவிட்டு, மனுவுக்கு ரசீது வாங்கிக்கொண்டு வர வேண்டும்.