ஒன்றா, இரண்டா?

இரட்டை நிறை ஃபிளைவீல் ஒரு பொருளா, இரு பொருள்களா? ஒரு தட்டு கிராங்க்ஷாஃப்டோடும் மற்றது கிளட்சோடும் சுழல்கின்றன. நடுவே கிரீஸில் ஊறிய வளைந்த சுருள்வில்கள். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஒருமுறை சுற்றுவதற்குள் 2 தடவை எரிப்பு நிகழ்கிறது. ஒவ்வொன்றும் ஓர் உதை. வில்கள் அதைச் சுருங்கி வாங்கி, விரிந்து தணித்து விடுகின்றன. கியர்பாக்ஸ் பக்கம் நிறை கூடியிருப்பதால் ஒத்ததிர்வும் ஐட்லிங் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஒழிவதில்லை, ஸ்டார்ட் செய்கையில் அந்த வேகத்தைக் கடக்கும்போது கணநேரம் குலுக்கும்.

ஒட்டியிருப்பதே ஒருமை என்போருக்கு இது சங்கடம்: தட்டுகளைப் பற்றவைத்தால் ஒருமை கூடும், வேலை கெடும். உறுப்புகள் ஒரு நோக்கத்துக்காக அமைந்த விதமே இயந்திரத்தின் அடையாளம் என்று கடிகாரத்தை வைத்து தத்துவவாதி ஜான் லாக் சொன்னது இங்கே பொருந்துகிறது. அந்த அமைப்பில் தளர்வையும் ஓர் உறுப்பாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பட்டறைக்காரர்களும், வில் தேய்ந்து தடதடத்தால், பெரும்பாலும் முழுசாகத்தான் மாற்றுகிறார்கள்.