ஒத்தபாலார் விவாகமும் ஒப்புக்கொண்ட துன்பமும்

ஆடவன் ஆடவனையும், பெண் பெண்ணையும் விவாகஞ் செய்துகொள்ளுதலைச் சட்டம் அங்கீகரித்தல் வேண்டுமா என்னும் வினா இக்காலத்திலே பல தேசங்களில் எழுந்துள்ளது. நெதர்லாந்து தேசம் 2001ஆம் ஆண்டில் முதன்முதலாக அதனை அங்கீகரித்தது. ஆசியாவிலே தாய்வான் 2019ஆம் ஆண்டிலும், தாய்லாந்து 2025ஆம் ஆண்டிலும் அவ்வழிச் சென்றன. இந்தியாவிலே இவ்வினா சுப்பிரீம் கோர்ட்டின் முன் வந்து, 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 17ஆந் திகதி தீர்ப்புக் கூறப்பட்டது. உயர்வகுப்பு மாணாக்கர் இவற்றை வாசித்து ஆசிரியரை வினாவுவர். அப்பொழுது கோபத்தினாலேனும் நகைப்பினாலேனும் அவர் வாயை அடைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. சித்தியார் பரபக்கத்தை முன்னும் சுபக்கத்தைப் பின்னும் வைத்த முறையை அறிந்த நாம், மறுப்போர் கூற்றையும் வேண்டுவோர் கூற்றையும் நிறுத்து ஆராய்தற்குக் கடமைப்பட்டுள்ளோம்.

இவ்வொரு வினாவினுள்ளே மூன்று வினாக்கள் கலந்து கிடக்கின்றன. ஒத்தபாலார் கூடி வாழ்தல் குற்றமா என்பது ஒன்று. அவர்க்குச் சமயச் சடங்கு உண்டா என்பது மற்றொன்று. அவர் இணைவை இராசாங்கம் பதிவு செய்து, அதற்கேற்ற உரிமைகளைக் கொடுத்தல் வேண்டுமா என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வோர், ஒன்றற்குச் சொல்லும் நியாயத்தை மற்றொன்றன்மேல் ஏற்றி மயங்குவர்.

குற்றமா என்னும் வினாவை முதற்கண் நோக்குவாம். இந்தியாவில் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவும், இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவும் ஆங்கில அரசினர் ஆக்கியவை. வயது வந்தோர் மனமொத்து வாழ்தலை 377ஆம் பிரிவினாற் குற்றமாக்குதல் கூடாதென, 2018ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆந் திகதி இந்தியச் சுப்பிரீம் கோர்ட்டின் ஐந்து நியாயாதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்த்தனர். இலங்கையிலே அக்குற்றத்தை நீக்குதற்கெனப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த மசோதா அரசியலமைப்புக்கு மாறுபட்டதன்று என்று 2023ஆம் ஆண்டில் இலங்கைச் சுப்பிரீம் கோர்ட்டு தீர்மானித்தது. எனினும் அம்மசோதா சட்டமாகாமலே நின்றுவிட்டது. அங்கே மூன்றாம் வினா ஆராயப்பட்ட அதே ஆண்டில், இங்கே முதலாம் வினாவே ஆராயப்பட்டதென அறிக.

சடங்கைப் பற்றிய வினா சமயத்தார்க்கு உரியது. அக்கினி சாட்சியாகத் தாலி தரித்துப் பெரியோர் ஆசி பெறும் விவாகத்தை மாற்றுதல் இந்திய வழக்கின் பொருளாகவில்லை. விசாரணை தொடங்கிய 2023 ஏப்பிரல் 18ஆந் திகதியிலேயே, அவ்வச் சமயத்தார்க்குரிய விவாகச் சட்டங்களினுட் புகாது, 1954ஆம் ஆண்டு விசேட விவாகச் சட்டத்தையே ஆராய்வதென நியாயாதிபதிகள் வரையறுத்துக்கொண்டனர். அச்சட்டமோ சடங்கைப் பற்றியதன்று, பதிவைப் பற்றியது. அதற்கு முன்னே, பிரமசமாசத்தாரது முயற்சியினால் 1872ஆம் ஆண்டில் உண்டான சட்டத்தின்படி மணப்போர், தாம் இந்து, கிறிஸ்தவ, முகம்மதிய முதலிய சமயங்களைச் சார்ந்தோரல்லர் என்று சொல்லவேண்டியிருந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிபந்தனையை ஒழித்தது. வேற்றுச் சமயத்தார் இருவர் அச்சட்டத்தின்படி மணந்தமையால் எந்தக் கோயிலின் கிரியையும் குறைபட்டதில்லை. ஆகவே சடங்கைக் காத்தற்பொருட்டுப் பதிவை மறுக்கவேண்டும் என்னும் நியாயம் நிலைபெறாது.

இனி மூன்றாவதாகிய பதிவு வினாவிலே, மறுப்போர் கூற்றுள் வலியன மூன்று. விவாகத்தின் பயன் மகப்பேறு என்பது ஒன்று. சமூகத்திலே பலர் இதனை ஒப்பவில்லை என்பது ஒன்று. சட்டத்தை மாற்றுதல் சட்டசபையின் தொழிலேயன்றி நீதிமன்றத்தின் தொழிலன்று என்பது ஒன்று.

மகப்பேறே விவாகத்தின் இலக்கணமெனின், மகவில்லாதாரையும், மகப்பெறும் பருவங் கடந்து மணப்பாரையும் பதிவாளர் விலக்கவேண்டும். அவர் விலக்குவதில்லை. ஆகவே அவ்விலக்கணம் அவ்வியாத்தி என்னுங் குற்றம் படும். மகப்பேறு விவாகத்தின் பயன்களுள் ஒன்றேயன்றி அதன் இலக்கணமன்று.

பலர் ஒப்பவில்லை என்பது மெய்யே. ஆயினும் பலர் ஒப்பாமை ஒரு காரியம் அறமன்றென்பதற்குப் பிரமாணமாகாது. 1930ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகட்கும் சம ஆசனம் விதிக்கப்பட்டபோது எதிர்த்தவர் பலர். அவர் தொகையைக் கொண்டு அவர் பக்கமே நீதி என்று சொல்லும் ஆசிரியர் இன்று எவருமிலர்.

மூன்றாங் கூற்றே மிக வலியது. விசேட விவாகச் சட்டம் மணமகனுக்கு 21 வயதும் மணமகளுக்கு 18 வயதும் விதிக்கின்றது. ஈண்டுச் சொற்களை மாற்றின், உரிமைவழிச் சட்டம் முதலிய பலவும் மாறவேண்டும். ஆதலால், விவாகஞ் செய்தல் அடிப்படை உரிமையன்று என்றும், அச்சட்டத்தை நீதிமன்றம் திருத்தி எழுதல் கூடாதென்றும் ஐவரும் கூறினர். விவாகமல்லாத வேறோர் இணைவையேனும் இராசாங்கம் அங்கீகரித்தல் வேண்டுமெனப் பிரதம நியாயாதிபதி சந்திரசூடும் நியாயாதிபதி கௌலும் கூறினர். மற்றை மூவரும் அதனையும் மறுத்தமையால் அதுவே தீர்ப்பாயிற்று. மறுபரிசீலனை மனுக்களும் 2025ஆம் ஆண்டு சனவரியில் தள்ளப்பட்டன.

இங்கே உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தம்முள் மாறுபட்ட நியாயாதிபதிகளும், இவர்கள் படுந் துன்பம் மெய்யென்பதில் மாறுபட்டிலர். பல்லாண்டு கூடி வாழ்ந்தவருள் ஒருவர் நோயுற்றால், வைத்தியசாலையிலே மற்றவர் அந்நியராவர். உயில் எழுதாது இறந்தால், கூடி ஈட்டிய பொருளும் உடனுறைந்தவரைச் சேராது. கணவன் மனைவியர்க்குரிய குடும்ப ஓய்வூதியமும் இல்லை. இவற்றை ஆராய்தற்கு மந்திரிசபைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு அமைப்பதாக அரசினர் சொன்னதை நீதிமன்றம் தன் தீர்ப்பிலே பதிந்தது.

துன்பம் உண்டென ஒப்புக்கொண்டபின், 'அதனை நீக்குதற்குரியவன் யானல்லன்' என்று சொல்லுதல் ஒரு நீதிமன்றத்துக்கு நியாயமாகலாம். ஒரு தேசம் முழுவதற்கும் அது நியாயமாகாது. நீதிமன்றம் சட்டசபையைக் காட்ட, சட்டசபை குழுவைக் காட்ட, குழு காலத்தைக் காட்டுமாயின், கடமை ஒருவரிடத்தும் தங்காது ஒழியும். கடன்பட்டவன் 'இக்கடனைத் தீர்ப்பவன் என் தமையன்' என்பதனால் கடன் தீர்வதில்லை. எந்த நாளிலே யார் தீர்ப்பார் என்பதைச் சொல்லுதல் வேண்டும். தாய்வான் தேசத்து அரசியலமைப்பு நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலே அவ்வாறே செய்தது: சட்டம் ஆக்கும் தொழிலைச் சட்டசபைக்கே விட்டு, இரண்டு வருட எல்லையும் விதித்தது. 2019ஆம் ஆண்டு மே மாதத்திலே சட்டம் பிறந்தது. இரு மன்றங்களின் எல்லையும் அழிந்திலது, கடமையும் நின்றிலது.

இந்தியாவிலும் சிறிது நடந்துள்ளது. இவ்விருவர் இணைவங்கிக் கணக்குத் தொடங்குதற்குத் தடையில்லை என்றும், பங்கீட்டு அட்டையில் ஒரே குடும்பத்தாராகக் கொள்ளப்படுவரென்றும் 2024ஆம் ஆண்டில் அரசினர் அறிவித்தனர். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை ஹைக்கோர்ட்டு, விவாகம் ஒன்றே குடும்பத்துக்கு வாயிலன்று என்று கூறி, பெற்றோர் தடுத்து வைத்த பெண்ணொருத்தியைத் தான் விரும்பிய தோழியுடன் செல்ல விடுத்தது. இவை நல்லனவே. ஆயினும் அறிவித்தல் சட்டமன்று. கொடுத்த கை பின்னொருநாள் மீட்டுக்கொள்ளவுங் கூடும்.

ஆசிரியர்காள்! இவ்விணைவுக்கு விவாகம் என்னும் பெயர் வேண்டுமா, வேறு பெயர் போதுமா என்பதிலே அறிவுடையோர் மாறுபடலாம். அம்மாறுபாட்டை மாணாக்கர்க்கு மறையாது காட்டுக. நோயாளியின் பக்கத்திலே பல்லாண்டு துணைவரை நிற்கவிடாமை முறையா என்பதிலே மாறுபடுதற்கு யாதும் இல்லை. வகுப்பிலே இருக்கும் பிள்ளைகளுள் ஒருவர் இதனைத் தம் வாழ்வாகவே அறிந்து, ஒருவருக்குஞ் சொல்லாது கேட்டுக்கொண்டிருத்தலும் கூடும். அப்பிள்ளைக்கு நாம் முதலாவதாகக் கொடுக்கத்தக்கது தீர்ப்பன்று. பிறர் நகையாது காக்கும் ஒழுங்கேயாம். சட்டம் வருங்காலத்து வருக. இவ்வொழுங்கு நாளைக் காலை வகுப்பிலேயே தொடங்கத்தக்கது.