கோட்டுக்கு இருபுறமும்

1947 ஆகஸ்ட் 17-ஆம் நாள், ராட்கிளிஃப் வகுத்த எல்லை அறிவிக்கப்பட்டது. நிலம் இரண்டாயிற்று, நெஞ்சமும் இரண்டாயிற்றா? இல்லை என்பர் இலக்கிய அன்பர்கள். மாண்டோவின் ‘டோபா டேக் சிங்’ கதையைச் சான்று காட்டுவர். லாகூர்ப் பைத்தியக்கார விடுதியிலே 15 ஆண்டுகள் நின்றே கழித்த சீக்கியன் பிஷன் சிங், தன் ஊர் எந்த நாட்டில் என்று கேட்டுக் கேட்டு அலுத்து, இரு நாட்டு வேலிகளுக்கும் இடையே, பெயரற்ற மண்ணில் வீழ்கிறான். வீட்டார் நலமே போய்ச் சேர்ந்தனர் என்ற செய்தியை அவனுக்குக் கொணர்ந்தவன் ஒரு முஸ்லிம் நண்பன்! படித்து நாமும் கண் கலங்கினோம்.

ஆயினும் தோழர்களே, எல்லை தாண்டிய உறவென்றதும் மொழியையும் நட்பையும் மட்டும் எண்ணி மகிழலாமா? இருபுறமும் பொதுவாய் நின்றது மற்றொன்றும் உண்டு. பெண்ணின் உடலிலே குலத்தின் மானத்தைப் பூட்டிவைக்கும் பேதைமைதான் அது.

பம்பாயை விட்டு 1948-இல் லாகூர் சென்றவர் மாண்டோ; லாகூரை விட்டு இந்தியா வந்தவர் ராஜிந்தர் சிங் பேடி. இருவரும் எழுதியது உருதுவில். இருவரும் தொட்டது அதே புண்ணை. மகளை மீட்டுத் தருகிறோம் என்று தந்தைக்கு வாக்களித்த சொந்த மதத் தொண்டர்களே அவளைச் சீரழித்ததை, ‘கோல் தோ’வில் மாண்டோ எழுதினார். அதை வெளியிட்ட ஏட்டை அரசு ஆறு மாதம் முடக்கியது. செய்தவனை விட்டுச் சொன்னவனைப் பிடிப்பது ஆட்சிகளுக்குப் பழகிய நீதியன்றோ!

பேடியின் ‘லாஜ்வந்தி’ இதினும் நுட்பமானது. கடத்தப்பட்டு மீண்ட பெண்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஊர்வலம் நடத்துகிறான் சுந்தர்லால். இராமன் சீதையைத் துரத்தியது அறமா எனக் கோவிலிலேயே வாதிடுகிறான். நம் கூட்டத்தில் வைத்துப் போற்றத்தக்கவன்! அவன் மனைவியும் மீண்டு வருகிறாள். முன்னர் அடித்தவன், இப்போது ‘தேவி’ என்கிறான். இரண்டொரு கேள்வி கேட்கிறான். பிறகு நடந்ததை அவள் சொல்ல வரும்போதெல்லாம் தடுத்துவிடுகிறான். அவளோ, சண்டையிட்டுச் சமாதானமாகும் பழைய லாஜோவாக வாழவே ஏங்குகிறாள்.

மீட்புக்காக இந்தியா 1949-இல் இயற்றிய சட்டமும் அவள் விருப்பத்தைக் கேட்கவில்லை. சட்டத்தைக் கண்டிப்பது நமக்கு எளிது. சுந்தர்லாலைக் கண்டிக்க நா எழவில்லை. அவன் கொடியவன் அல்லன். பலர் கதவடைத்த காலத்தில் கதவு திறந்தவன். அவள் சொல்வதைக் கேட்க ஓர் இரவு போதும். அதை மட்டும் அவனால் தர இயலவில்லை. மேடையிறங்கி வீடு புகுந்தபின், நம்மில் எத்தனை பேர் தந்திருப்போம்?