இருட்டு பழகிவிட்டது என்பவர்கள்

பழைய வீடுகளில் வெளிச்சம் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீடு மாதிரியான மெத்தை வீடுகளில் ஆண்கள் உட்காரும் திண்ணைக்கு நாள் முழுக்க வெளிச்சம். முற்றம் இருந்தால் கூடத்துக்கும் கொஞ்சம் வரும். அடுப்படியும், மெத்தைக்குப் போகும் படி பாதியில் திரும்பும் இடமும் நண்பகலிலும் இருட்டுதான். மல்லாட்டை, மிளகாய், வடகம் என்று காயவைக்க முறத்தோடு அந்தப் படியில் ஏறி இறங்குவது பெண்கள். கையில் முறம் இருந்தால் சுவரைப் பிடிக்க முடியாது. லைட் போட்டால், "பகல்ல எதுக்கு லைட்டு?" என்று திண்ணையிலிருந்து குரல் வரும். கார்த்திகை தீபத்தன்று மட்டும் அந்தத் திருப்பத்தில் ஓர் அகல் எரியும்.

படிக்கு இரு பக்கமும் பொதுச்சுவர் என்பதால் ஜன்னல் வைக்க முடியாது. மேலே மெட்ராஸ் டெரஸ் தளம். மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே செங்கல்லை மட்டும் எடுத்து, மழைநீர் இறங்காமல் சுற்றிலும் வரப்பு கட்டி, தடித்த கண்ணாடி பதிக்கலாம் என்றார் கொத்தனார். உச்சியிலிருந்து வருவதால் சிறிய கண்ணாடியே போதும். மேகம் மூடிய நாளில்கூட வானத்தின் உச்சி, அடிவானத்தைவிட ஏறத்தாழ 3 மடங்கு வெளிச்சமாக இருக்கும். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் அது கீழ்ப்படிவரை இறங்கும்.

என் மாமியார் வேண்டாம் என்றார். "நாப்பது வருஷமா ஏறி எறங்குறேன். படி எங்க இருக்குதுன்னு காலுக்குத் தெரியும்மா." வீட்டு ஆண்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அம்மாவே வேண்டாம் என்கிறாரே, எதற்குச் செலவு?

பழகிப்போனதால் குறை இல்லையென்று ஆகிவிடாது. அமர்த்தியா சென் இதற்கு ஓர் ஆதாரத்தை எடுத்துக்காட்டுகிறார். வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் ஏறத்தாழ பாதிப்பேர் தங்கள் உடல்நிலை சரியில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 100க்கு 3 பேர்கூட இல்லை. விதவைகள் அத்தனை ஆரோக்கியமாகவா இருந்தார்கள்? தன் உடம்பைக் குறையாகச் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று நினைக்கவே அவர்களுக்கு வழியில்லை. காலுக்குப் படி தெரியும் என்று நாம் மெச்சுவதும் அப்படித்தான். கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டிவிட்டால், வெளிச்சம் தரவேண்டிய கடமை நம் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது.

ஆனால் இந்த வாதத்தைக் கையில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெண் சொல்லும் ஒவ்வொரு 'வேண்டாம்'-ஐயும் பழக்கத்தின் கோளாறு என்று தள்ளிவிட்டால், அவள் பேச்சைக் கேட்காதவர்களின் வரிசையில் நாமும் சேர்ந்துவிடுவோம். சில நாள் கழித்து, ஆண்கள் இல்லாத நேரத்தில், அத்தை வேறொரு காரணம் சொன்னார். "இந்த வீட்ல அழணும்னா நான் எங்க போவேன்? அந்தத் திருப்பந்தான். அங்க உக்காந்தா யாரு கண்ணுக்கும் தெரியமாட்டேன்."

ஆக, அவருடைய மறுப்பில் இரண்டு இருந்தன. ஒன்று, கேட்டுப் பயனில்லை என்று கற்றுக்கொண்ட பழக்கம். மற்றது, நன்றாக யோசித்த கணக்கு. வீட்டில் எந்த இடமும் அவருடையதாக இல்லாதபோது, யாரும் பார்க்காத இருட்டுதான் அவர் அறை. அதில் கண்ணாடி பதிப்பது கதவில்லாத அறையின் திரையைக் கழற்றுவதைப் போன்றது.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? "வேண்டுமா, வேண்டாமா" என்று கேட்டால் தெரியாது. "இது வந்தால் உங்களுக்கு எது போகும்?" என்று கேட்க வேண்டும். அவரிடம் பதில் தயாராகவே இருந்தது. "மொதல்ல தாழ்ப்பா வெச்ச ஒரு ரூமு குடுங்க. அப்புறம் கண்ணாடி வைங்க."

மெத்தையில் மூட்டைகள் அடைந்து கிடந்த சிறிய அறை காலியாக்கப்பட்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் வந்தது. அதன் பிறகுதான் தளத்தில் கண்ணாடி. இந்த வரிசை முக்கியம். வெளிச்சம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பார்ப்பதற்கான வெளிச்சமும் பார்க்கப்படாமல் இருப்பதற்கான கதவும் சேர்ந்தே ஒருத்திக்குக் கிடைக்க வேண்டும். கதவு இல்லாமல் வரும் வெளிச்சம், வீட்டில் மற்றவர்களுக்குத்தான் வசதி.