நண்டு வளை

மூன்று மா நிலம், கொல்லையில் நாலு தென்னை, ஒரு பசு. தஞ்சைப் பக்கத்துக் கணக்கில் ஒரு மா சுமார் 33 சென்ட். மொத்தம் ஒரு ஏக்கர்தான்.

ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்ததைப் பழந்தமிழர் கூதிர் என்றார்கள். மேல்நாட்டு இலையுதிர்காலம் போல இலை உதிர்கிற அழகெல்லாம் இங்கே கிடையாது. முருங்கைக் கிளை முறிந்து விழும், அவ்வளவுதான். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. அத்தனை மழையிலும் என் வயலில் தண்ணீர் நிற்கவில்லை.

சாயங்காலம் கணுக்கால் அளவு கட்டிய தண்ணீர், விடிந்து பார்த்தால் பாதிதான் இருந்தது. வரப்போரமாகக் குனிந்து நடந்தேன். ஓரிடத்தில் மட்டும் ஒரு வைக்கோல் துரும்பு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அடியில் நண்டு வளை. கடிக்கும் என்று தெரிந்தும் கையை விட்டுத்தான் ஆழம் பார்க்க வேண்டும். முழங்கை வரை போயிற்று. வைக்கோலையும் சேற்றையும் பிசைந்து திணித்துக் குதிகாலால் மிதித்தேன். முந்தாநாள் தெளித்த யூரியா பள்ளத்து வயல்காரருக்குத் தானமாகப் போயிருக்கும். அடுத்த வாரம் அவர் பயிர் கூடுதல் பச்சை காட்டினால், காரணம் எனக்கும் அந்த நண்டுக்கும் மட்டும் தெரியும்.

வீட்டில் ஈர விறகு. அடுப்பில் தீயை விடப் புகைதான் அதிகம். நனைந்த வைக்கோலை முகர்ந்த பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது. போருக்குள் தோள் வரை கைவிட்டு, உலர்ந்ததாக ஒரு பிடி உருவிப் போட்டேன்.